'யெஸ்' என்றால் ஆமாவா?

காலை ஏழே முக்கால் இருக்கும். இரவு டூட்டி ஆட்கள் நோயாளிகளை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வார்டு போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து. அன்றைய பட்டியலில் முதல் பெயர் எங்கள் நான்காம் படுக்கைப் பாட்டியுடையது. 83 வயது. வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். போனில் பேசியவருக்கு அவசரம். "ஹாஸ்ன்ட் ஷி ஹேட் எனிதிங் டு ஈட்?" என்று கேட்டார். நான் தெளிவாக, உறுதியாக, "யெஸ்" என்றேன். "ஓ... ரைட்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. வேறொரு வார்டு நோயாளியை முதலில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஏன் என்று கேட்டால், "உங்க பாட்டி சாப்பிட்டுட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் 6 மணி நேரம் உணவு கூடாது, 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. சாப்பிட்டவரை யாரும் மேசையில் ஏற்ற மாட்டார்கள். அவர்கள் செய்தது சரி. நான் சொன்னதும் என் கணக்கில் சரிதான். அந்தக் கேள்வி என் காதில் விழுந்த மறுகணமே தமிழாகிவிட்டது: "ஒண்ணும் சாப்பிடலைதானே?" "ஆமா, சாப்பிடலை." அந்த 'ஆமா'வைத்தான் 'யெஸ்' ஆக்கிக் கொடுத்தேன். ஆங்கிலக் காதுக்கு அந்த 'யெஸ்' "சாப்பிட்டிருக்கிறார்" என்று போய்ச் சேர்ந்துவிட்டது.

பாட்டி பகல் ஒரு மணி வரை காத்திருந்தார். நள்ளிரவிலிருந்து வெறும் வயிறு. உதடு காய்ந்து வெடித்திருந்தது. மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு இரண்டு மிடறு தண்ணீருக்கு அனுமதி வாங்கினோம். அதைக் குடித்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்து, "தாங்க்யூ, லவ்" என்றார். அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அந்த 'தாங்க்யூ' அளவுக்கு உறைத்திருக்காது.

இது நடந்தது 2019-ல், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் சேர்ந்த மூன்றாவது வாரம். அதற்கு முன் சென்னையில் 6 வருஷம் வேலை பார்த்திருந்தேன். ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் பி கிரேடு எடுத்துத்தான் விமானம் ஏறினேன். இலக்கணம் தெரியும். மருந்துப் பெயர் தெரியும். 'யெஸ்', 'நோ' என்ற இரண்டு சொற்கள் ஒரு பாட்டியைத் தாகத்தோடு படுக்க வைக்கும் என்பது தெரியாது.

இப்போது எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் தமிழ், மலையாள, பிலிப்பினோ பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நாம் தடுமாறுவது எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வியே எதிர்மறையாக வரும்போதுதான். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் எந்த மொழிக்காரருக்கும் குழப்பமில்லை. "சாப்பிடலையா?" என்று கேட்டால்தான் வழி பிரிகிறது. தமிழில் நாம் கேட்டவரின் பேச்சுக்குப் பதில் சொல்கிறோம். "நீங்க நினைக்கிறது சரி" என்றால் ஆமா. "நீங்க நினைக்கிறது தப்பு" என்றால் "இல்லையே, சாப்பிட்டேனே". ஆங்கிலத்தில் கேட்டவர் என்ன நினைத்தார் என்பது கணக்கிலேயே கிடையாது. நடந்ததா, நடக்கவில்லையா, அவ்வளவுதான். நடந்திருந்தால் யெஸ். நடக்கவில்லை என்றால் நோ. கேள்வியை எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பதில் மாறாது. ஜப்பானியர்கள், கொரியர்கள், சீனர்கள் எல்லாம் இந்த விஷயத்தில் நம் கட்சி. அதனால் நமக்கு ஏதோ ஆங்கிலம் ஏறவில்லை என்று யாரும் கூசிப்போக வேண்டாம்.

ஆங்கிலத்திலேயே இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர். முழங்கால் மாற்று அறுவைக்கு வந்து எங்கள் வார்டில் படுத்திருந்தார். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் பதிலுக்கு நான்கு சொற்கள் இருந்தனவாம். நேர்க் கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. "சாப்பிட்டாயா?" என்றால் 'யே'. "சாப்பிடவில்லையா?" என்று கேட்டு, சாப்பிட்டிருந்தால் 'யெஸ்'. அப்போதே ஆட்கள் இதைக் கலந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று தாமஸ் மோர் 1532-ல் கண்டித்து எழுதியிருக்கிறார். பிறகு நான்கு இரண்டாகச் சுருங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடம் இன்றும் இதற்கென்று 'ஸி' என்ற தனிச் சொல் இருக்கிறது. ஜெர்மானியரிடம் 'டோக்' இருக்கிறது. ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது. தொலைத்த வீட்டுக்குள் நாம் நுழைந்து தட்டுத் தடுமாறுகிறோம்.

சரி, அந்தக் காலைக்குப் பிறகு நான் என்ன செய்தேன்? ஒரு வாரம் போன் எடுக்கவே பயந்தேன். எதிர்மறைக் கேள்வி வந்தால் மனசுக்குள் அதை நேர்க் கேள்வியாகத் திருப்பி, பிறகு பதிலைக் கண்டுபிடித்து, பிறகு வாய் திறக்க வேண்டும் என்று பயிற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை. அதற்குள் எதிராளி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

வழி காட்டியது எங்கள் வார்டு சிஸ்டர். அவர் அயர்லாந்துக்காரர். பேச்சில் 'யெஸ்', 'நோ' வருவதே அபூர்வம். "மருந்து கொடுத்தாச்சா?" என்று டாக்டர் கேட்டால், "ஐ ஹேவ்" என்பார். "நாளைக்கு வருவீங்களா?" என்றால் "ஐ வில்." "கதவைப் பூட்டலையா?" என்றால் "ஐ டிட்." சுருக்கமாக, தலையில் அடித்தது போல. முதலில் இது அவர் சுபாவம் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன். ஐரிஷ் மொழியில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்கு நேரான சொற்களே கிடையாது, எந்த வினைச்சொல்லால் கேட்கிறார்களோ அதே வினைச்சொல்லால்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவருடைய பாட்டி அப்படித்தான் பேசுவாராம். மொழி மாறியும் பழக்கம் போகவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. நாகர்கோவிலில் எங்கள் அம்மா "மக்ளே, குளிச்சியா?" என்றால் நான் "ஆமா" என்றா சொன்னேன்? "குளிச்சேன்" என்றேன். "தண்ணி பிடிச்சு வச்சியா?" "வச்சேன்." "சித்தி வந்தாளா?" "வரல்ல." நாளெல்லாம் பேசினாலும் நாம் 'ஆமா'வைத் தனியாக விட்டுவைப்பதில்லை, பின்னாலேயே வினைச்சொல் வந்துவிடும். "சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடலை" என்பவரும் உண்டு, "இல்ல, சாப்பிடலை" என்பவரும் உண்டு. இரண்டையும் யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை, ஏனென்றால் வேலை செய்வது 'சாப்பிடலை'தான். முதல் சொல் வெறும் தலையசைப்பு. மறுப்பதற்குக்கூட நமக்கு ஒரே சொல் போதுவதில்லை: இல்லை, வேண்டாம், முடியாது, தெரியாது, மாட்டேன், கூடாது. ஒவ்வொன்றும் தன் விஷயத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். இத்தனையையும் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் பேச வாய் திறந்ததும் எல்லாவற்றையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு 'யெஸ்', 'நோ' இரண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் பதில்களை மாற்றினேன். "ஹாஸ்ன்ட் ஷி ஹேட் எனிதிங்?" என்றால் "ஷி ஹாஸ் நாட்." "டிட்ன்ட் யூ கெட் த ரிசல்ட்?" என்றால் "ஐ டிட்" அல்லது "ஐ டிட் நாட்." 'யெஸ்', 'நோ' முன்னால் தானாக வந்தால் வரட்டும், அதோடு வாயை மூடக் கூடாது. முடிந்தால் ஒரு விவரத்தையும் சேர்த்துவிடுவேன்: "ஷி ஹாஸ் நாட். லாஸ்ட் ஃபுட், செவன் லாஸ்ட் ஈவினிங்." நேரத்தைச் சொன்ன பிறகு குழம்புவதற்கு என்ன இருக்கிறது? இது ஆங்கிலேயர் நடை, தமிழர் நடை என்று எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் புரிகிற பதில். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

அடுத்தது 'டூ யூ மைண்ட்'.

கடைசி நாட்களில் இருந்த ஒரு பெரியவர். மகள் தினமும் வேலை முடித்து வந்து பக்கத்தில் உட்காருவார். பார்வையாளர் நேரம் இரவு 8 மணியோடு முடிகிறது. ஒரு நாள் எட்டடிக்கும்போது என்னிடம் வந்து, "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் வித் ஹிம் அ பிட் லாங்கர்?" என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா என்கிறார், இதற்கா அனுமதி என்று நெஞ்சு உருகிப்போய், தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே "யெஸ், யெஸ்" என்றேன். அவர் முகம் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் கோட்டை எடுத்து மாட்டினார். அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு படுக்கை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. 'மைண்ட்' என்றால் ஆட்சேபம். "உங்களுக்கு ஆட்சேபமா?" என்று கேட்டவரிடம் சிரித்துக்கொண்டு "ஆமாம், ஆமாம்" என்றிருக்கிறேன். வண்டியைப் பூட்டிவிட்டு ஓடினேன். லிஃப்ட் வாசலில் பிடித்தேன். "ப்ளீஸ் ஸ்டே" என்றேன், வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. அது போதுமாக இருந்தது. அவர் அன்று நள்ளிரவு வரை இருந்தார்.

இதற்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. "நான் இங்க உட்கார்ந்தா உங்களுக்குத் தொந்தரவா?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "இல்ல, இல்ல, உட்காருங்க." 'டூ யூ மைண்ட்' காதில் விழுந்ததும் 'தொந்தரவா?' என்று கேட்டுப் பழகுங்கள். "நோ, நோ, ப்ளீஸ் சிட்" என்பது தானாக வரும். ஆங்கிலேயர்களே பல நேரம் இதற்கு "யா, கோ அஹெட்" என்று பதில் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பாற்றுவதும் பின்னால் வரும் அந்த 'கோ அஹெட்'தான்.

பிறகு தேநீர். யார்க்‌ஷயரில் தேநீர் இல்லாமல் வார்டு நடக்காது. "டூ யூ வாண்ட் அ ப்ரூ?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு நோயாளி "ஐ ஆம் ஆல் ரைட், லவ்" என்றார். நலமாக இருக்கிறார், சரி, தேநீர் வேண்டுமா வேண்டாமா என்று கையில் கோப்பையோடு நின்றேன். அது வேண்டாம் என்று பொருள். இன்னொருவர் "கோ ஆன், தென்" என்றார். என்னைப் போகச் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்தேன். அது "சரி, கொடு" என்று பொருள். "ஐ வோன்ட் சே நோ" என்றாலும் கொடு என்றுதான் பொருள்.

இதில் எனக்குக் கைகொடுத்தது நம் 'பரவாயில்லை'. "காபி சாப்பிடுறீங்களா?" என்றால் நாமும் "பரவாயில்லைங்க" என்கிறோம், வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் வேண்டாம் என்கிறோம். 'ஐ ஆம் ஆல் ரைட்' என்பதும் அதே பரவாயில்லைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முதல் முறை 'பரவாயில்லை' என்றால் இரண்டாவது முறை கேட்க வேண்டும், மூன்றாவது முறை கையில் திணிக்க வேண்டும். இங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். முதல் இரவு டூட்டியில் என்னிடம் கேட்டபோது மரியாதைக்கு "நோ, தாங்க்யூ" என்றேன். பன்னிரண்டரை மணி நேரத்தில் இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அன்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது இங்கே மரியாதைக் குறைவு. வேண்டுமென்றால் முதல் முறையே "யெஸ், ப்ளீஸ்" சொல்லிவிடுங்கள்.

அந்தப் 'பரவாயில்லை' உயிர் போகிற விஷயத்திலும் வருகிறது. வலி. ஒரு முதியவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1984-85 வேலைநிறுத்தத்தில் வருஷம் முழுக்கச் சம்பளமில்லாமல் நின்றவர். வயிற்று அறுவைக்கு மறுநாள் நான் கேட்டேன்: "யூ ஆர் நாட் இன் பெயின், ஆர் யூ?" அவர் சொன்னார்: "நாட் டூ பேட், லவ். மஸ்ன்ட் கிரம்பிள்." அவ்வளவு மோசமில்லை, குறை சொல்லக் கூடாது. வலி இல்லை என்று எழுதப் போனேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. உட்கார்ந்து, "பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் எண் சொன்னால், எத்தனை?" என்று கேட்டேன். யோசித்து, "எட்டு" என்றார்.

தவறு அவர் பதிலில் இல்லை, என் கேள்வியில் இருந்தது. "வலி இல்லைதானே?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள் என நாமே கையைப் பிடித்து இழுப்பது போல. நம் ஊர் வார்டுகளிலும் "வலி இல்லல்ல? தூங்குனீங்கல்ல?" என்றுதான் கேட்டுக்கொண்டே போவோம். மூத்தவர்களும் ஏழைகளும் சிஸ்டருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தலையாட்டிவிடுவார்கள். இப்போது நான் "எங்கே வலிக்குது?" என்றுதான் தொடங்குகிறேன். "அலர்ஜி இல்லையே?" என்று கேட்பதில்லை, "எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது?" என்கிறேன். கையில் சிவப்புப் பட்டை கட்ட வேண்டிய ஒருவர், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர், "நோ அலர்ஜீஸ்?" என்ற கேள்விக்கு "யெஸ்" என்றால் நான் என்ன என்று எழுதுவது? ஆமா-இல்லை என்று பதில் சொல்லவே முடியாதபடி கேள்வி கேட்பது, பதில் சொல்லத் தெரிவதைவிடப் பெரிய பழக்கம். மருத்துவமனைக்கு மட்டுமல்ல, வங்கியில் வேலை பார்ப்பவருக்கும் கால் சென்டரில் இருப்பவருக்கும் இது உதவும்.

கேள்வி போலவே வந்து கேள்வியாக இல்லாதவை சில உண்டு. "வை டோன்ட் யூ கோ ஃபார் யுவர் பிரேக்?" என்று சிஸ்டர் கேட்டபோது, நான் ஏன் இன்னும் ஓய்வுக்குப் போகவில்லை என்று விளக்கம் கேட்கிறார் என்று பதறி, காரணங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் சொன்னது "போய்க் கொஞ்சம் உட்காரும்மா" என்பதுதான். "யூ குடுன்ட் கெட் மீ அ பிளாங்கெட், குட் யூ?" என்று நோயாளி கேட்டால் அது உங்கள் திறமையைப் பற்றிய சந்தேகம் அல்ல, போர்வை வேண்டும் என்ற தயக்கமான வேண்டுகோள். "கொஞ்சம் தண்ணி கிடைக்காதா?" என்று நாமும் கேட்பதில்லையா, அதே சாயல். இதற்கு யெஸ்ஸா நோவா என்று மூளையைக் கசக்க வேண்டாம். "ஐ வில் கெட் இட்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை எடுக்கப் போங்கள்.

'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஸோ' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு விடியற்காலையில் சிஸ்டர் போனில் யாரிடமோ இதைச் சொல்லக் கேட்டேன். எதற்குப் பயப்படுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். மறுமுனையில் இருந்த மகன், "அம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். 'யெஸ்' என்ற சொல்லை அந்த இடத்தில் சொல்ல மனசு வராதவர்கள் கண்டுபிடித்த ஆமாம் அது. வருத்தத்தோடு சொல்லும் மறுப்புக்கு 'ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்'. கெட்ட சேதியை 'யெஸ்' என்று மொட்டையாகச் சொல்வதைவிட இதைப் பழகிக்கொள்வது நல்லது.

போனில் இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று நம் தலையாட்டல். நேரில் இருந்தாலே அது ஆமாவா இல்லையா என்று இவர்களுக்குப் புரிவதில்லை. போனில் அது போய்ச் சேரவே சேராது. 'உஹும்', 'ம்ஹூம்' போன்ற முனகல்களும் வேண்டாம். இரண்டாவது, 'கேன்', 'கான்ட்'. "ஹி கேன் ஹேவ் ஃப்ளூயிட்ஸ்" என்பதற்கும் "ஹி கான்ட் ஹேவ் ஃப்ளூயிட்ஸ்" என்பதற்கும் இரைச்சலில் ஒரு மூச்சுதான் வித்தியாசம். நான் 'கான்ட்' என்ற சொல்லைப் போனில் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். 'கேன்னாட்' என்று முழுசாகச் சொல்வேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று உறுதி செய்துகொள்வேன்.

விமானிகளுக்கு இது பழைய பாடம். அவர்கள் வானொலியில் 'யெஸ்', 'நோ' சொல்வதில்லை. 'நோ' என்றால் 'நெகட்டிவ்'. 'யெஸ்' என்றால் 'அஃபர்மேட்டிவ்' என்று சொன்னால் 'நெகட்டிவ்' போலவே வால் ஒலிக்கிறது. இரைச்சலில் முன்பாதி போய்விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் சர்வதேச வழக்கில் அதை 'அஃபர்ம்' என்று நறுக்கிவிட்டார்கள். 1977 மார்ச் 27-ல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம் உட்படப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த ஒரு 'ஓகே'. அதற்குப் பின்னால் "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்று சொன்னது வானொலி இரைச்சலில் மூழ்கிப்போனது. விமானி அறையில் தெளிவாகக் கேட்டது அந்த ஒற்றைச் சொல் மட்டும். இதைப் படித்த அன்று எனக்கு நான்காம் படுக்கைப் பாட்டியின் காய்ந்த உதடுதான் கண்ணில் நின்றது. எங்களிடம் அன்று இழப்பு சில மணி நேரத் தாகத்தோடு போயிற்று.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் எங்கள் வார்டுக்கு வந்தாள். முதல் வாரமே இதையெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். காலையில் தியேட்டரிலிருந்து போன். எடுத்தது அவள். நான் பக்கத்தில் மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது காதில் விழவில்லை. அவள் கண் ஒரு கணம் மேலே போனதைப் பார்த்தேன். 'யெஸ்' என்று வாய் குவிந்தது. நிறுத்தினாள். மூச்சு விட்டாள். "ஹி ஹாஸ் நாட் ஈட்டன். லாஸ்ட் ஃபுட், சிக்ஸ் தேர்ட்டி, யெஸ்டர்டே ஈவினிங். வாட்டர், ஃபைவ் திஸ் மார்னிங்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் இன்னும் சந்தேகம்.

"அக்கா, அவங்க 'லவ்லி'ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. லவ்லின்னா ஆமாவா, இல்லையா?"